பதினேழாம் நம்பர்க் காடு, காலை எட்டரை

லோரியிலிருந்து இறக்கும்போது
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
சக்கரம் கிடையாது.
இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர்ப் பட்டை,
வரிவரியாய்ப் பல்லோடு.
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட எஸ்டேட்டுக்கு
ரப்பர் திரும்பி வந்துடுச்சு என்றான் மோகனராஜு.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து மண்டோர் மட்டும் சிரித்தார்.

விற்க வந்த லியூவுக்கு பகாவ் டவுனில் கடை.
கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்:
இதன் அண்ணன்காரன்
எங்கோ வடக்கே ஒரு வெள்ளை மலையில் ஏறுகிறான்.
பின்னால் பனி பறக்கிறது,
மாவு மூட்டை வெடித்த மாதிரி.
சால்ஜி பொலே, லும்பூர் லாகி பொலே.
பனியே முடியுமாம், சேறு முடியாதா என்கிறார்.

யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்ததும்
எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள்.
நான் இருபத்தொரு வருஷம் டிராக்டர் ஓட்டியவன்.
அந்தச் சரிவில் டிராக்டர் ஏறியதில்லை.
குலை இழுக்க அங்கே ஏறுவது
சுபார்தோவின் எருமை ஒன்றுதான்.
எருமையின் பெயர் தவுக்கே.
லியூவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

சாவி இல்லை, பித்தான். அமுக்கினேன்.
கைப்பிடியில் கட்டைவிரலுக்கு என்று ஒரு நெம்பு.
கட்டைவிரலால் மலை ஏறலாம் என்று
இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

முதல் மேட்டில் மட்டைக் குவியல்.
மேலே ஏறியது, நொறுக்கியது,
முள் குத்தியதைப் பட்டை கண்டுகொள்ளவில்லை.
இரண்டாவது மேட்டில் நேற்றைய மழை.
மூன்றாவதில் முன்பக்கம் தூக்கிவிட்டது.
வானம் மட்டும் தெரிந்தது,
அதன் நடுவே அறுக்காமல் விட்ட ஒரு குலை,
கறுப்பும் சிவப்புமாய், என் நெற்றிக்கு நேரே.
முன்னால சாயுண்ணே! கீழிருந்து கத்தினார்கள்.
சாய்ந்தேன்.
நான் சாய்ந்தால் அது நேராகிறது.
இந்த எஸ்டேட்டில்
என் பேச்சை இப்படிக் கேட்டது வேறொன்றில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
படத்தில் பறந்த அதே வளைவு,
நிறம் மட்டும் செம்மண்.
நான் ஏதோ கத்தினேன்.
என்ன வார்த்தை என்று நினைவில்லை.
வார்த்தையே இல்லை என்கிறான் மோகனராஜு.

உச்சியில் நிறுத்தினேன்.
எப்போதும் கீழே நின்று லோடு வாங்கியவன்
டவுனை மேலிருந்து பார்க்கிறேன்:
மில் புகை, தண்டவாளம், சீனப் பள்ளியின் நீலக் கூரை,
சாரம் கட்டிய கோபுரம்,
இருநூறு ரிங்கிட் நான் பாக்கி வைத்த டயர் கடை.
கைப்பேசிக்கு லைன் வந்து ஆறு தகவல் ஒன்றாய்க் கொட்டின.
ஐந்து வங்கியிலிருந்து.
ஒன்று சிரம்பானிலிருந்து, தர்ஷாயினி:
ஓட்டுனீங்களாப்பா?

அங்கே ரஃபிக்குல் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
சாக்கை இறக்கிவிட்டு வந்து
பட்டையைத் தொட்டான், சூடு, கையை எடுத்துக்கொண்டான்.
பெராப்பா? என்றான்.
எவ்வளவு என்று கேட்டது விலையையா, எடையையா?
தூக்கும் எடையைச் சொன்னேன், ஐந்நூறு கிலோ.
அவன் தன் சாக்கைப் பார்த்தான்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
கண்ணை மூடவில்லை, அவ்வளவுதான்.

லியூ ஒரு தாள் நீட்டினார்.
இருக்கை, இரைச்சல், திருப்பம்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும்.
கடைசி வரியில் ஒரு கேள்வி:
எத்தனை பேர் வேலையை இது செய்யும்?
மேனேஜர் பேனா கொடுத்தார்.
மோகனராஜு குச்சி எடுத்துச்
சப்பாத்துச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.
நிழலில் தவுக்கே அசைபோட்டபடி
காதை மட்டும் ஆட்டியது.

இருக்கைக்கு ஐந்து. இரைச்சலுக்கு நாலு.
திருப்பத்துக்கு, யோசித்து, நாலரை.
பேனாவை மூடினேன்.
இன்னொரு தடவ ஏறிப் பாத்தாத்தான் துவான்
சரியாச் சொல்ல முடியும்.

நான் சொன்னது பொய்யா என்று தெரியவில்லை.
கட்டைவிரல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.
யாரும் பதில் சொல்வதற்குள்
பித்தானை அமுக்கினேன்.