இரண்டாம் தட்டு

அறிவியல்நகரில் மின்சாரம் போய் வந்த இரவு
அடைகாப்பானைத் திறந்தேன்.
முரசுமோட்டை வயற்சேற்றில் எடுத்த பற்றீரியா,
இரண்டு தட்டுகள்.
இரண்டுக்கும் ஒரே அளவு பரவொட்சைட்டு.

முதலாவதில் அந்த மூச்சு நொதியத்தை
நாங்களே வெட்டியிருந்தோம்.
துடைத்த கண்ணாடிபோல் வெறுமை.

மற்றதில்
கடுகு சிந்தினதுபோலப் பொட்டுகள்.

மூச்சின் கடைசிப் படியில் நிற்கும் வேலையாள் அது.
வருகிற ஒட்சிசனைத் தண்ணீராக்கி அனுப்பும்.
நெருப்புக் கலந்து வந்தால்
அதையும் வாங்கி
நுரையாய் விட்டுவிடும்.
சம்பளத்தில் இல்லாத வேலை.

"காவலுக்கெண்டு தனி ஆள் இல்லையோ?"
குறிப்பேட்டில் கோடு போட்டபடி சுகிர்தரன்.
இருக்கு.
காணாது.

என் இடது முழங்காலில் ஒரு தழும்பு.
பதினொரு வயதில், தறப்பாளுக்குக் கீழே,
இதே திரவத்தை ஊற்றினார்கள்.
வெள்ளையாய்ப் பொங்கியது.
நான் கத்தவில்லையாம்.
மூச்சு மட்டும்
விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தேனாம்.

பொட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.
நூற்றுப் பதினாறில்
மறுபடி இருட்டு.
கைபேசி வெளிச்சத்தைத் தட்டுக்குக் கீழே பிடித்தான் சுகிர்தரன்.
ஓரத்தில், பிந்தி முளைத்து,
ஊசிமுனையளவில்,
நூற்றுப் பதினேழு.