பதினைந்து கதிரைகள்

புளியந்தீவுக் கச்சேரிக்குக் கடிதம் வந்து
பதினொரு நாள்.
நகலெழுதும் நான்தான் வாசித்துச் சொன்னேன்:
கொழும்பில் சட்டசபை.
தலைமையில் தேசாதிபதி.
உத்தியோகத்தர் ஒன்பது பேர்.
மிச்சம் ஆறு,
அதிலும் மூன்று வெள்ளைக்காரருக்கு.
தமிழருக்கு ஒன்று.

"ஆள் மண்முனையா, ஏறாவூரா?"
வேலாப்போடியார் கேட்டார்.
இந்த வாவியையே கண்டிருக்கமாட்டார் என்றேன்.
கலந்தர்லெவ்வை சிரித்தார்:
"அந்தக் கதிரையில எனக்கு எந்தக் காலு?"

ஆரு தெரிஞ்ச?
தேசாதிபதி.
பிழை விட்டா ஆரு மாத்துற?
தேசாதிபதி.

பின்னேரம் வட்டைக் கூட்டம்.
வட்டைவிதானைக்கு
நாற்பத்திரண்டு கை எழும்பிற்று.
போன போகம் இரவில் வான்கதவு திறந்தவன்
தோற்றுப்போனான்,
ஒரே ஒரு கையால்.

அதை நகலெடுக்கச் சொல்லி
ஒருவரும் கேட்கவில்லை.