நிகரம்

குழித்துறைக் கோர்ட்டு வாசலில்
பக்கத்துக்கு இருபது ரூபாய் எனக்கு.
தாள், மை, கரண்டு,
மேசை போட இடம் விட்ட ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு
பக்கத்துக்கு ஐந்து,
எல்லாம் போக மிஞ்சுவதற்கு
வக்கீல்மார் பாஷையில் ஒரு பெயர் உண்டு.
நான் அதைச் சாயா என்பேன்.

காலையில் வந்தவர் அருமனை டென்னிசன்.
ரப்பர் ஷீட் எடுக்கிற கடை.
வருமானம் என்று சொன்னது ஒரே வரி.
கழிவு என்று சொன்னதற்கு
இரண்டு தாள் போதவில்லை.
கடை வாடகை. ஆள் கூலி. புகைப்புரைக்கு விறகு.
மினிலாரித் தவணை. அதற்கு டீசல்.
அதற்குத் தேய்மானம்
பதினைந்து விழுக்காடு என்று தட்டினேன்;
ஆசீர்வாதத்துக்குப் போட்ட மாலை
இன்னும் முழுக்க வாடாமல்
வண்டி வெளியே நின்றது.
தம்பி படிப்பு. சீட்டு இரண்டு. சபைக்குத் தசமபாகம்.
"நாய்க்கு இறைச்சி விட்டுப்போச்சு,
அதையும் சேரும்."
ஈரம் என்று சொல்லி
கிலோவுக்கு நூறு கிராம் பிடித்துப் பழகிய கை.
கழிக்கக் கழிக்க முகம் தெளிந்தது.
நிகர வருமானம், மாதம் ஒன்றுக்கு,
ஆறாயிரத்து நானூறு.
கொஞ்சம் யோசித்து,
"ஒரு இருநூறு குறையும்" என்றார்.

அவருடைய வக்கீலே பேனாவை எடுத்தார்.
"வரி கழியும். கூலி கழியும்.
சீட்டு கழியாது ஓய், அது நீர் சேர்க்கிற பணம்.
நாய் கழியவே கழியாது."
"அம்மா?"
"அம்மா சார்ந்திருப்போர். அது அடுத்த பத்தி."
பெண்டாட்டி எந்தப் பத்தி என்று
யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சாயா ஆறுகிற வரை
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிகர் என்றால் ஒப்பு.
நிகரில்லாதவரே என்று
ஞாயிற்றுக்கிழமை பாடுகிறோம்.
அதே சொல் திங்கட்கிழமை இங்கே வந்து
எல்லாம் உரித்த பிறகு கிடப்பதற்குப் பெயராகிறது.

மூன்று மணிக்கு ரோஸ்லெட்.
அதே வழக்கு எண், எதிர்ப்பக்கம்.
புதுக்கடையில் அண்டியாபீஸ், தல்லுகிற வேலை.
"மொத்த வருமானம் எவ்வளவு?"
"தோட்டோடயா, பருப்பாட்டா?"
விரல் நின்றுவிட்டது எனக்கு.
"நாப்பது கிலோ அண்டி தல்லினா
பருப்பு பத்து கிட்டும்.
கூலி பருப்புக்காக்கும்.
உடைஞ்சா அதுலயும் பிடிப்பினும்."
இவளுக்கு நான் எதை விளக்க?
பி.எஃப். கழித்தேன்.
கையில் தேய்க்கும் ஆமணக்கெண்ணெயைக்
கழிக்கலாமா என்று கேட்டாள்.
தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

காலைக் கோப்பிலேயே பெயர் மாற்றித் தட்டியதில்
ஒரு வரி அழியாமல் நின்றுவிட்டது.
அவள் விரல் வைத்துக் காட்டினாள்.
"தேய்மானம். இது என்னது?"
"சாமான் ஓடி ஓடித் தேயுதில்லா,
அதுக்குள்ள பணம். லாரிக்கெல்லாம் உண்டு."
"எனக்கு லாரி இல்லியே. அழிச்சிரும்."
அழித்தேன்.

நோட்டரி தன் புத்தகத்தில்
கையெழுத்துக்குப் பக்கத்தில்
இடது பெருவிரலும் கேட்டார்.
மையில் ஒற்றி வைத்தாள்.
கறுப்பாய் ஒரு வட்டம்.
இன்னும் அழுத்தச் சொன்னார்.
இன்னொரு வட்டம், முன்னதைவிடக் கறுப்பாய்.
ஒரு கோடு, ஒரு சுழி இல்லை.
"அண்டிப்பாலு தின்னுட்டு சாரே.
ரேஷன் கடை மெஷினும் எடுக்காது."
அவர் இரண்டு வட்டத்துக்கும் கீழே
அவள் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

மூன்று பக்கம், அறுபது ரூபாய்.
எண்ணித்தான் தந்தாள், எண்ணாமல்தான் வாங்கினேன்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர
கம்ப்யூட்டரில் ஒரு வழி உண்டு.
அவள் பாலம் தாண்டியிருப்பாள்.
தட்டிப் பார்த்தேன்.
தேய்மானம்,
பக்கத்தில் எண் இல்லாமல்
வந்து நின்றது.

"மேல்புறம், வாடகை பாக்கி" என்றபடி
அடுத்த ஆள்
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.