வச்சிட்டேன்

வடபழஞ்சியில் ராத்திரி ரெண்டே முக்காலுக்கு
என் பெயர் ரேச்சல்.
அடையாள அட்டையில் பேச்சியம்மாள்.
அதைச் சொன்னால் மூன்று முறை 'பார்டன்' கேட்பார்கள்,
மூன்று பார்டனுக்கு இருபது வினாடி,
வினாடிக்குக் கணக்கு உண்டு.

பயிற்சியின் முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டது
ஹேங் அப்.
தொங்கவிடு, மேலே
என்று நோட்டில் எழுதினேன்.
அடித்துவிட்டு, போனை வைப்பது என்றார்கள்.
வாடிக்கையாளரிடம் அதைச் செய்தால்
'ஹங் அப் ஆன்',
சம்பளத்தில் ஐந்நூறு பிடிப்பு.

இன்று ஷெஃபீல்டிலிருந்து ஒரு கிழவர்.
வாஷிங் மெஷின் பாதியில் நின்று கதவு திறக்கவில்லை,
உள்ளே மகனின் சட்டைகள்.
நான் சொன்ன பொத்தானை அமுக்கிவிட்டு
தண்ணீர் வடிகிற நேரம் சும்மா இருக்க மாட்டாமல்
மகன் கதையை எடுத்தார்.
பிரிந்து நாலு வருஷமாம்.
இன்னும் அவள்மேல் ஹங் அப்பாம்.

நாலு வருஷமாகவா வெட்டிக்கொண்டிருக்கிறான்?
பாவம் அந்தப் பெண்.
"ஒருதடவை அவரைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க சார்."

இருமல் வரும்வரை சிரித்தார்.
வெட்டுவதில்லையம்மா,
விட முடியாமல் கிடக்கிறான்.

கதவு திறந்துகொண்டது.

வெட்டுவதற்கும் அதே வார்த்தை
விடாததற்கும் அதே வார்த்தை,
என்ன கருமம் பிடித்த பாஷை என்று
டீயோடு படிக்கட்டில் நின்று திட்டினேன்.
எதிரே நாகமலை
நீளமாய்ப் படுத்துக் கிடந்தது.

நானும் ஒருவனை வெட்டியவள்தான்.
உசிலம்பட்டி ஒச்சப்பன்.
ஆரப்பாளையத்தில், தேனி வண்டி கிளம்புகிற சத்தத்தில்,
"ஒரு நிமிசம் கேளு பேச்சி" என்றவனிடம்
அரை நிமிசம்கூடக் கேட்கவில்லை.
பதினோரு மாசம்.
நம்பரை அழித்தாயிற்று.
கடைசி நாலு இலக்கம்
என் ஏடிஎம் பின்னாக இருக்கிறது.

விடிகாலை கேப்பில் ஜன்னலோரம்.
நம் பாஷை ஒழுங்கான பாஷை,
இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது என்று
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
வச்சிட்டேன்.
வச்சிருக்கேன்.

டிரைவர் இருதயராஜ் கண்ணாடியில் பார்த்தார்.
"எதை வச்சிட்டீங்க மேடம், ஆபீஸ்லயா?
வண்டியத் திருப்பவா?"

வேணாண்ணே, நேராப் போங்க என்றேன்.
அதற்குள் அவர்
இண்டிகேட்டர் போட்டிருந்தார்.