அரை கிலோமீட்டர்

திருவனந்தபுரத்துக் கடையில்
மூன்று நாள் வாடகைக்கு எடுத்த இரண்டு லென்சுகள்,
ஸ்கூட்டரின் கால்மாட்டில் ஒன்று, முதுகில் ஒன்று.
வெட்டூர்ணிமடத்தில் கிளம்பும்போது ஐந்தே கால்.
புத்தளம் உப்பளத்தில் இறங்கும்போது
வானம் கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டி.
திங்களன்று இரண்டையும் திருப்ப வேண்டும்,
ஒன்றின் பெயருக்கு மட்டும்
இருபத்திநாலு மாதத் தவணை எழுத வேண்டும்.

சின்னது நூறிலிருந்து நானூறு.
ஒன்றரைக் கிலோ.
கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த பிள்ளை
இடுப்பில் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிக்கொண்டது.
காயலுக்கு மேலே ஓர் ஆலா
அந்தரத்தில் நின்று, தலை கவிழ்ந்து, விழ,
நான் நினைக்குமுன் என் தோள் திரும்பியிருந்தது.
பதினாலு படம். ஒன்பதில் கண் கூர்மை.
ஆனால் பறவையோ
சோற்றில் கிடக்கும் உளுந்துத்தோல் அளவு.

பெரியது நூற்றைம்பதிலிருந்து அறுநூறு.
மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு.
கையில் தூக்கிப் பார்த்தேன், வீம்புக்கு.
அறுநூறில் மூச்சு தெரிகிறது.
மூச்சைப் பிடித்தால் நாடி தெரிகிறது.
தூங்கிக்கொண்டிருந்த கூழைக்கடா
என் நெஞ்சுத் துடிப்புக்குத் துள்ளியது,
அதற்குத் தெரியாமலே.
நான்காவது நிமிடத்தில் இடது மணிக்கட்டு
தனிக்குடித்தனம் கேட்டது.

முக்காலியை வரப்பில் ஊன்றினேன்.
கச்சான் காற்று மூன்று கால்களையும்
ஒவ்வொன்றாக விசாரித்தது.
உப்பு வாரிக்கொண்டிருந்த பவுலின் பார்த்துவிட்டு
அரைச் சாக்கு உப்பைக் கொண்டுவந்து
நடுத்தண்டில் தொங்கவிட்டாள்.
"இனி அசையாது பிள்ளே."
அசையவில்லை.

அப்படியும் நாற்பது படம் கலங்கல்.
நடுக்கம் தணிக்கும் பொத்தானை
அணைக்க மறந்திருந்தேன்.
அசையாத இடத்தில் அதற்கு வேலையில்லை,
வேலையில்லாமல் இருக்கவோ அதற்குத் தெரியவில்லை.
இல்லாத நடுக்கத்தைத் தேடித் தேடித்
தானே நடுங்கியிருக்கிறது.
(திருப்பலியில் என் அப்பாவின் அக்காள் மகன்
நிற்பதும் இப்படித்தான்.)

"நான் ஒண்ணு பாக்கட்டா?"
கையில் பிடித்த லென்சை
இன்னொருவர் கண்ணுக்கு மாற்ற முடியாது,
மாற்றும்போதே பார்த்தது போய்விடும்.
முக்காலி அப்படியல்ல. நான் விலகினேன்.
காட்சி அங்கேயே காத்திருந்தது.

பவுலின் கூழைக்கடாவைப் பார்த்தாள்.
குழலை அவளே மெல்லத் தள்ளித்
தென்னைகளை, கட்டுமரத்தை,
மணக்குடிப் பாலத்தைப் பார்த்தாள்.
பாலத்தில் நின்றுவிட்டாள்.
"அது எங்க ஜெபினாக்கும்."
மணி ஏழே முக்கால்.
ஏழரைக்குக் கணக்கு டியூஷன்.

"லேய்!" என்றாள்.
அரை கிலோமீட்டரைக் கண் தாண்டியது,
குரல் உப்புப் பாத்தியிலேயே விழுந்தது.
அப்புறம் செல்போனை எடுத்து
ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைக் குழலில் வைத்து,
"எங்கல நிக்க?"

அங்கே அவன் கைப்பிடிச் சுவரிலிருந்து நிமிர்ந்து
போனைக் காதில் வைப்பது தெரிந்திருக்க வேண்டும்.
போனுக்குள்ளிருந்து எனக்கும் கேட்டது,
காற்றுச் சத்தத்தோடு:
"கிளாஸ்ல இருக்கேம்மா. சார் நடத்திட்டு இருக்காரு."

அவள் கத்தவில்லை. தோள் குலுங்கியது.
முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன்.
"செரி மக்களே, நல்லா கவனி" என்று வைத்தாள்.
"இத ஒண்ணு எடு."
ரிமோட்டை அழுத்தினேன்.

ஒன்பது மணிக்குமேல் உப்பளத்தில்
நானூறும் அறுநூறும் ஒன்றுதான்.
தரை கொதித்துக் கானல் எழும்பினால்
எந்தக் கண்ணாடிக்கும் தொலைவு கிடைக்காது,
தண்ணீர்போல ஏதோ ஒன்று கிடைக்கும்.
மூட்டை கட்டினேன்.

இரவு ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சட்டைப் பொத்தான் வரை கூர்மை.
காதில் போன், மறு கையில் பாதி தின்ற வடை,
முகத்தில் பொய் சொல்கிறவனின் மகா பவ்வியம்.
தவணைத் தாளில் லென்சின் பெயருக்கான கட்டம்
இன்னும் வெறுமையாக இருக்கிறது.
கைக்கு ஒத்தது சின்னது, சந்தேகமே இல்லை.
அதில் எடுத்திருந்தால்
இவன் பாலத்தில் ஒரு நீலச் சட்டை.

பவுலின் குரல்செய்தி அனுப்பியிருந்தாள்:
"அத அழிச்சிராத. மார்க் வரட்டும்."