கூடுதலாக இரண்டு

மான்டானாவில் ஏப்ரல் மாதத்துக்குப்
பனியா சேறா என்று இன்னும் முடிவாகவில்லை.
காலை ஆறரைக்கு
தபால் நிலையப் பின்கதவில்
தனியார் வேன் ஒன்று முதுகு காட்டி நின்றது.
நாற்பத்தோரு பெட்டி இறக்கினான் பையன்,
கையெழுத்து வாங்கினான், போய்விட்டான்.
"தார் ரோடு முடிகிற வரை அவர்கள்"
என்றாள் மார்லிஸ் ட்வேய்ட்.
"அப்புறம் நாங்கள்."

குறித்துக்கொண்டேன்.
குறிப்பதற்குத்தான் அனுப்பியிருந்தார்கள் என்னை.
ஒரு தடம், ஒரு நாள், ஒரு கடிகாரம்.
ஒரு கடிதம் ஒரு வீட்டைத் தொட
எத்தனை டாலர் கரைகிறதென்று.

கார் அவளுடையது.
வலது இருக்கையில் உட்கார்ந்து
இடது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து
இடது காலால் பிரேக்கைத் துழாவி
பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள்.
நான் பின்னால்.
மடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி,
உள்ளே அயோவாவிலிருந்து
இரண்டு ராத்திரி கடந்து வந்த கோழிக்குஞ்சுகள்.
"அந்த வேன்காரன் இதைத் தொடமாட்டான்.
கத்துகிற சரக்கு."

நாலாவது மைலில் மின்கட்டணம்.
ஏழாவது மைலில் விதைக் கம்பெனி விலைப்பட்டியல்.
பதினொன்றில் போட ஒன்றுமில்லை,
ஆனால் பெட்டியின் சிவப்புக் கொடி நிமிர்ந்திருந்தது.
உள்ளே தபால்தலை ஒட்டாத ஓர் உறை,
பிளாஸ்டிக் பையில் முடிந்த சில்லறை.
எண்ணினாள். ஐந்து சென்ட் குறைந்தது.
தன் பையிலிருந்து போட்டுக்கொண்டாள்.
ஒரு நிமிடம் ஐம்பது நொடி.
ஐந்து சென்ட்டை எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

கேட்காமலே பேசினாள்:
"தபால்தலை விற்ற காசில் சாப்பிடுகிறோம்,
யார் வரிப்பணமும் இல்லை.
இன்னும் ஓய்வு பெறாதவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை
இப்போதே கட்டு என்றது சட்டம்.
கட்டினோம். பிறகு முடியவில்லை.
பிறகு அந்தச் சட்டமே எழுந்து போய்விட்டது.
கடன்காரி என்ற பேர் மட்டும்
வீட்டோடு தங்கிவிட்டது."

முப்பத்தெட்டாவது மைலில், திரும்பாமலே
ஓர் உறையைத் தோளுக்கு மேல் நீட்டினாள்.
"உங்களுக்குத்தான். விடுதி முகவரி.
எதற்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்பணும்?"
என் ஒப்பந்தம்.
தபால் தலைமையகம் எனக்கு அனுப்பியது,
தபாலில் அல்ல.
தனியார் கூரியர், ஒரே இரவில் உறுதி,
சிவப்பில் 'அவசரம்'.
அவர்கள் பில்லிங்ஸ் வரை பறந்து வந்து
மீதித் தூரத்தை
அந்த நாற்பத்தொன்றில் ஒன்றாக
இவள் காலடியில் இறக்கியிருக்கிறார்கள்.
சிரிக்கப் போகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன்.
ஒரு மான் குறுக்கே போவதற்குக் காத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டாவது மைல், கடைசி வீடு.
ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தாள் ஜூன் ஹாக்ஸெத்.
கார் மூடியின் மேலேயே பெட்டியைத் திறந்து
ஒவ்வொன்றாக எடுத்து
அலகைத் தண்ணீரில் நனைத்து எண்ணினாள்.
இரண்டு செத்திருந்தன.
நான் பேனாவை எடுத்தேன், சேதாரம் என்று எழுத.
"இருபத்தைந்து, சரியாக இருக்கிறது" என்றாள்.
"இருபத்தேழு வைப்பார்கள்.
வழி நீளமில்லையா?"

எந்தக் கல்லூரியிலும் எனக்கு
இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை:
நஷ்டத்தை முதலிலேயே பெட்டிக்குள் வைத்து
மேலே வைக்கோலைப் போட்டு அனுப்புவது.

இரவு அறிக்கையை முடித்தேன்.
வாரம் மூன்று நாள் போதும் என்று எழுதினேன்.
எண்கள் அதைத்தான் சொல்லின.
ஜூனுடைய ஊரில் சனிக்கிழமை இருக்காது,
செவ்வாய் இருக்காது,
குஞ்சுகள் மூன்றாவது ராத்திரியையும்
ஏதாவதொரு கிடங்கில் கழிக்கும்.
அதற்கும் கட்டமில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

அசல் தாள் திங்களுக்குள் போயாகணும்.
கூரியர் அலுவலகம் தொண்ணூறு மைல்.
காலையில் தபால் நிலைய ஜன்னலில்
மார்லிஸிடம் நீட்டினேன்.
முகவரியைப் படித்தாள்.
உறையின் கனத்தைக் கையிலே ஒருமுறை பார்த்தாள்,
அப்புறம் தராசில் வைத்தாள்.
விலையைச் சொன்னாள்.

நூறு டாலர் நோட்டைத் தவிர
என்னிடம் வேறொன்றும் இல்லை.

"சில்லறையாக இல்லையா?" என்றாள்.