பாத்திரம் விளக்குதல்

எரி ஏரியிலிருந்து கிளம்பி
பஃபலோ நகரத்துக் காதுகளைத் தேடித் தேடிக் கடிக்கிறது காற்று.
மே மாதம் என்று பேர்தான்.
திரையரங்கின் பக்கச் சுவரோரம்
நூற்றுப் பதினோராவது ஆளாக
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்
முப்பத்துநான்கு வயதில்.
பக்கத்தில் தாடியஸ், ஃபிளாஸ்க்கில் பீட்ரூட் சூப்.
"இருபத்தோரு வருஷம் ஆச்சு" என்றான்.
"இருபத்திரண்டு" என்றேன்.
அதற்கே அரைமணி சண்டை.

கேப்டன் ஓர்வெக்கை உங்களுக்குத் தெரியாதென்றால்
சுருக்கமாகச் சொல்கிறேன்.
நிலவுக்கும் நிலவுக்கும் இடையே உப்பு ஏற்றிப் போகிறவன்.
இடது கையில் ஓர் உறை.
மூன்று படங்களில் ஒருமுறைகூடக் கழற்றவில்லை,
சாப்பிடும்போதும்,
சாகக் கிடந்தபோதும்.
இரண்டாம் படத்தில் ஒருத்தி கேட்பாள்:
உள்ளே என்ன இருக்கிறது?
"குளிர்" என்பான்.
அவ்வளவுதான். கப்பல் கிளம்பிவிடும்.

அந்த ஒரு சொல்லுக்காக
கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி
நாடாவில் அந்த இடம் மட்டும் தேய்ந்துபோய்
அவன் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது.
கோடும் அவனுடையதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில்
அந்த உறைக்குள் உலோக நகங்களை வைத்திருந்தேன்.
எஃகு ஆலையை மூடிய வருஷம்
உள்ளே கையே இல்லை, வெறும் உறைதான்.
விவாகரத்து முடிந்த குளிர்காலத்தில்
ஒரு மோதிரம், கழற்ற வராதது.
தாடியஸ் பீர் மேல் சத்தியம் செய்வான்:
அது வேறு ஒருவனுடைய கை.

விளக்கு அணைந்தது.
நூற்றுப் பதினோரு பேருக்கும் ஒரே மூச்சு.

பிறகு
ஒன்பது வயது ஓர்வெக் ஓடி வந்தான்,
கன்னத்தில் குழி விழ.
அவன் ஏன் நொண்டுகிறான் என்று சொன்னார்கள்.
புருவத்துத் தழும்பைச் சொன்னார்கள்.
கப்பலின் பெயர் செத்துப்போன நாய்க்குட்டியின் பெயராம்.
எல்லாம் ஒரே மத்தியானத்தில் நடந்து முடிந்தது.
கடைசியில் அடுப்பைத் தொட்டான்,
கை பொத்துப்போனது,
அம்மா உறை தைத்துப் போட்டாள்.
எண்பது வயலின்கள் சேர்ந்து அழுதன.

நான் ஸ்க்ரூவைத் தொலைத்தவன் மாதிரி
இருக்கைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிராட்வே தெருவில்
ஒரு போலிஷ் உணவகத்தில் பாத்திரம் விளக்குவது பிழைப்பு.
பதினோரு வருஷம்.
எங்கே தேய்க்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும்
கைக்குத் தெரியும்.
இரும்புச் சட்டியை அடியோடு சுரண்டினால்
முதலாளியம்மா கொன்றுவிடுவாள்;
அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது ருசி.
இவர்கள் என் பாத்திரத்தைத் தூக்கிப்போய்
விளக்கு விளக்கென்று விளக்கிவிட்டார்கள்.
பளபளக்கிறது.
குனிந்தால் என் முகம் தெரிகிறது.
அவன் முகம்தான் இல்லை.

"முதல் அரைமணி நன்றாகத்தானே இருந்தது?"
என்றான் தாடியஸ், வண்டிச் சாவியைத் தேடியபடி.
அவன் கண்ணைப் பார்க்கவில்லை நான்.
அவனும் என்னுடையதை.
வாசலில் அதே உறை, பிளாஸ்டிக்கில்,
பன்னிரண்டு டாலர்.
ஒன்று வாங்கினான், மகளுக்கு.

சனிக்கிழமை ரோக்ஸான் சமையலறைக்கு வந்தாள்,
எட்டு வயது, இடது கையில் உறை.
அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்துவிட்டாளாம்.
பழைய படங்கள்?
பத்து வயசு ஆகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டானாம்.
ஸ்டூலில் ஏறி நின்று கேட்டாள்:
"அந்தப் பையன் பெரியவனானதும் என்ன ஆவான்?"

எனக்குத் தெரியும்.
எந்த நிலவில் விழுவான்,
யார் கண்ணை மூடிவிடுவார்கள்,
அப்போது எந்தப் பக்கம் நிழல் விழும்.
தொண்டைவரை வந்தது.
முழங்கைவரை நுரை.

"தெரியாதே" என்றேன்.

நம்பிவிட்டாள்.
துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்,
உறை போட்ட கையாலேயே, வழுக்கி வழுக்கி.
"அதைக் கழற்றிவிட்டுத் துடையேன்."
"மாட்டேன்."
"ஏன்?"

"சும்மா" என்றாள்
ஈரம் போகாத தட்டை என்னிடம் நீட்டி.